அறுபத்தொன்றில் நின்ற குரல்

கம்ப்யூட்டரைப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாதுங்க. பிரவுசிங் சென்டர் வெச்சுக்கிட்டு இப்படிச் சொல்றாளேன்னு சிரிச்சா சிரிச்சுக்குங்க. எம்பட பையன் பெருமாநல்லூர் நாலு ரோட்டுக்கிட்ட இந்தக் கடையைப் புடிச்சு, ஆறு மெஷினை வாங்கிப் போட்டு, "அம்மா, நீ சும்மா ஒக்காந்திருந்தாப் போதும்"னு சொல்லிப்போட்டு, பெங்களூர்ல வேலை கெடைச்சதும் போயிட்டான். சும்மா ஒக்காந்திருக்கறது நானு. பேரு ரங்காத்தாள். மெஷின் சோலியெல்லாம் முகிலன் பாத்துக்குவான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். பனியன் கம்பெனி வேலைக்குன்னு வந்து, பஞ்சுத் தூசி ஒத்துக்காம இருமிக்கிட்டே எங்கடைக்கு வந்து சேந்தவன்.

ஆறுல மூணாம் நம்பர் மெஷின் யாருக்கும் கெடையாதுங்க. "அது சும்மாதானுங்க கெடக்குது, நான் ஒக்காந்துக்கறனுங்க"ன்னு எத்தனையோ பேரு கேட்டுப் பாத்துட்டாங்க. நான் வாயைத் தொறந்தா அப்பறம் கேக்க மாட்டாங்க. அது சித்ரகலாவோட மெஷின். அவளைப் பத்தித்தான் இப்பச் சொல்லப் போறேன். கேக்கறதுக்கு நல்லா இருக்காது, அதையும் இப்பவே சொல்லிப்போடறேன்.

சித்ரகலா குண்டடத்துப் பக்கம் பொறந்தவ. அங்கெல்லாம் மானம் பாத்த பூமி. அவங்கப்பா சோளம் வெதைச்சுப்போட்டு மேகத்தையே பாத்துக்கிட்டு இருப்பாரு. பத்தாவது முடிச்ச கையோட புள்ளையைக் கம்பெனி வேன்ல ஏத்தி விட்டுட்டாரு. இங்க வந்து செக்கிங் டேபிள்ல நின்னா. தைச்சு வர்ற பனியனை வெளிச்சத்துல விரிச்சுப் புடிச்சு, ஓட்டை இருக்குதா, கறை இருக்குதான்னு பாத்து, பிசிறு நூலை வெட்டி எடுக்கற வேலை. பொழுதுக்கும் நின்னுக்கிட்டேதான். பக்கத்துல நிக்கறவ கதை பேசுவா, பாட்டுப் பாடுவா, சூப்பர்வைசரை வைவா. இவ வாயைத் தொறக்க மாட்டா. சரியான ஊமைக்கோட்டான்னு நானே சொல்லியிருக்கறேன்.

அவளுக்கு வாச்சவன் கிட்டுசாமி. கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில டிசைன் போடறவன். பனியன் நெஞ்சுல பூவு, பொம்மை, இங்கிலீசு எழுத்தெல்லாம் தையல்ல வருதல்லங்க, அதுக்கு எந்த ஊசி எங்க குத்தோணும்னு மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கற வேலை. அந்தப் பயலுக்கு வாயே மூடாதுங்க. ஊட்டுல சொந்தமா கம்ப்யூட்டர் வாங்கறதுக்கு முன்னால எங்கடைக்குத்தான் வருவான். வந்தா எங்கிட்டப் பேசுவான், முகிலன்கிட்டப் பேசுவான், ஆளு யாரும் இல்லாட்டி கம்ப்யூட்டர்கிட்டப் பேசுவான். "ஏன்டா கிட்டு, உம்பட வாய்க்கு ஒரு சுச்சு கெடையாதா?"ம்பேன். "இருக்குதுங்கக்கா, எங்கம்மா அதைப் பொறக்கறப்பவே ஒடைச்சுப்போட்டாங்க"ம்பான்.

குலத்துல கூட்டம் வேற வேற, சாதகமும் ஒத்துச்சு, கல்யாணம் ஆச்சு. பேசறதெல்லாம் அவன், கேக்கறதெல்லாம் இவ. ஒருக்கா எங்கிட்டச் சொன்னா: "அவரு பேசறதைக் கேட்டுக்கிட்டே கண்ணை மூடுனாத்தானுங்கக்கா எனக்குத் தூக்கம் வருது." அவ தானா வந்து எங்கிட்டச் சொன்ன சொந்தக் கதை அது ஒண்ணுதான்.

பொண்ணு பொறந்துச்சு. தரணின்னு பேரு வெச்சாங்க. ஒரு வயசு ஆறதுக்குள்ள குலதெய்வக் கோயில்ல முடியெறக்கிக் காது குத்தோணுமல்ல? தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சுத்தான் குத்தோணும். அதுதானுங்க எங்க பக்கத்து மொறை. சித்ரகலாவுக்குக் கூடப் பொறந்தது ஒரே தம்பி, செல்வக்குமார். அவன் டாக்காவுல ஒரு கார்மெண்ட்ஸ்ல குவாலிட்டி பாக்கற வேலை. ஷிப்மெண்ட் நேரம், லீவு தர மாட்டோம்னுட்டாங்க. சித்தப்பன் மகன் மடியில ஒக்கார வெச்சுக் காதைக் குத்துனாங்க. அந்தப் பையன் டாக்காவுல இருந்து போன்ல அழுதிருக்கறான். "எம்மடி இருக்க, எவன் மடியிலயோ புள்ளையை வெச்சுட்டீங்களே"ன்னு.

கிட்டுசாமிக்கு மச்சான் அழுதா தாங்குமா? மொதலாளிகிட்ட வீடியோ கேமராவை ஒரு நாளைக்கு வாங்கிட்டு வந்து, கோயில்ல நடந்தது முச்சூடும் அவனே புடிச்சான். புடிச்சுக்கிட்டே பேசறான். நானும் அன்னிக்கு இருந்தனுங்க. பூசாரியைக் கிண்டல் பண்றான், நாசுவரைக் கிண்டல் பண்றான், "ரங்காத்தக்கா, சித்த சிரிங்க, டாக்காவுல எல்லாரும் பயந்துக்கப் போறாங்க"ன்னு என்னையும் விடலை. கடைசியில கேமராவைத் தம்மூஞ்சிக்கு நேராத் திருப்பி வெச்சுக்கிட்டு மச்சானுக்கும் மகளுக்கும் என்னமோ ஒரு பாட்டம் பேசுனான். மோளச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் காதுல விழுல.

அதை அவன் கம்ப்யூட்டருக்கு ஏத்திக்கிட்டு, கேமராவையும் கேசட்டையும் திருப்பிக் குடுத்துட்டான். மொதலாளி ஊட்டுல அதே கேசட்டு மேல வேற விசேசத்தைப் புடிச்சுட்டாங்க. மச்சானுக்கு மெயில்ல தாட்டி விடலாம்னு பாத்தா அம்மாம் பெரிய படம் மெயில்ல போவுலியாம். சினிமாப் படமெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பங்கு போட்டுக்கறதுக்குன்னு ஒரு சாப்ட்வேர் இருக்குதாமா. அதுல போட்டுவிட்டு, அதைத் தேடி எடுக்கறதுக்கு அடையாளமா ஒரு சின்னத் துண்டு பைலை மட்டும் மச்சானுக்கு மெயில் பண்ணியிருக்கறான். அங்க அந்தப் படம் கொஞ்சங் கொஞ்சமா எறங்கிட்டு இருந்துச்சு. பகல் முச்சூடும் கம்ப்யூட்டரை அணைக்காம வேலைக்குப் போவான்.

"ஏனுங்க, நாளைக்கு இந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னா?"ன்னு சித்ரகலா கேட்டாளாமா.

"கெட்டா கெட்டுட்டுப் போவுது அம்மணி. நெட்டுல போட்டாச்சு. இனி உலகம் அழிஞ்சாத்தான் அது அழியும்"னானாம்.

இந்த வார்த்தையை நீங்க மறந்துபோடாதீங்க. அவளும் மறக்கலை.

ஆவணி மாசத்துல ஒரு காலையில, சாயப்பட்டறைக்குத் தண்ணி கொண்டு போற லாரி ஒண்ணு பின்னால பாக்காம ரிவர்ஸ் எடுத்துச்சு. கிட்டுசாமி வண்டியோட அதுக்கு அடியில போயிட்டான். அவ்வளவுதானுங்க. அதுக்கு மேல என்னத்தைச் சொல்றது.

கருமாதி அன்னிக்கு ஊட்டுல ஒறம்பரை சனம் நெறைஞ்சு கெடக்குது. செத்தவங்க புழங்குன சாமானத்தை ஊட்டுல வெச்சுக்கறது இல்லீங்களே. கட்டில், பாய், துணிமணி, செருப்பு எல்லாத்தையும் எடுத்து வெளிய வெச்சாங்க. கிட்டுசாமியோட அம்மா பொன்னாத்தாள் சொவத்துல சாஞ்சு ஒக்காந்திருந்தவங்க, மெல்ல எந்திரிச்சு வந்து கம்ப்யூட்டரைக் கையைக் காட்டுனாங்க. "எம்மகன் பொழுதெல்லாம் இது முன்னாலதான ஒக்காந்திருந்தான். இது இங்கயே இருந்தா அவன் போவ மாட்டான். இதையே சுத்திக்கிட்டுக் கெடப்பான். அவனை நல்லபடியா அனுப்பி வைங்க சாமி"ன்னு அழுதாங்க. கெட்ட எண்ணத்துல சொன்னதில்லீங்க. பெத்த வவுறு. மகன் நல்ல எடத்துக்குப் போய்ச் சேரோணும்னு சொன்னது.

யாரோ ஒருத்தரு சித்ரகலாவைப் பாத்து, "என்ன அம்மணி, குடுத்துரலாமா?"ன்னு கேட்டாரு. அவ தலையை ஆட்டுனா. அவ மனசுல என்ன ஓடுச்சுன்னு பொறவு நான் கேட்டப்பச் சொன்னா. வேண்டியதுதான் நெட்டுல இருக்குதே, பொட்டி போனாப் போவட்டும்னு நெனைச்சாளாம். குண்டடத்துப் பக்கத்துல தாயில்லாப் புள்ளைக ஹாஸ்டல் ஒண்ணு இருக்குதுங்க, அதுக்குக் குடுத்துவிட்டாங்க. புண்ணியமாப் போவட்டும்னு எல்லாரும் சொன்னாங்க. நானுந்தான் சொன்னேன்.

பொறவு சித்ரகலா வேலைக்குப் போவ ஆரம்பிச்சா. ஊட்டுல சத்தம் இல்லை. அவளும் பேச மாட்டா, மாமியாரும் பேச்சை நிறுத்திட்டாங்க. அந்த ஊட்டுக்குள்ள போனா எனக்கே மூச்சு முட்டும். புள்ளை அப்பத்தான் தட்டுத் தடுமாறி நடக்குது. அப்பறம் ஒரு நாளு அவ எங்கடைக்கு வந்தா. "அக்கா, தரணிக்கு அவங்கப்பா பேசறதைக் கேக்க வைக்கோணுமுங்க. அவ இனிமேத்தான் பேசப் பழகோணும். மூஞ்சிக்குப் போட்டோ இருக்குதுங்க. கொரலு எங்கயும் இல்லீங்க"ன்னா.

"கல்யாண வீடியோ இருக்குதல்ல?"ன்னேன்.

"அது முச்சூடும் சினிமாப் பாட்டுப் போட்டுட்டாங்களேக்கா."

நெசந்தானுங்க. எந்தக் கல்யாணக் கேசட்டுல மனுசன் பேசறதை விட்டு வெச்சிருக்கறாங்க? தாலி கட்டறப்ப ஒரு பாட்டு, சாப்பாட்டுக்கு ஒரு பாட்டு. கிட்டுசாமி அதுல வாயை வாயை அசைக்கறான், பாட்டுத்தான் வருது.

"காதுகுத்து வீடியோவை நெட்டுல போட்டிருக்கறாருங்க. அதை எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க"ன்னா. செல்வக்குமாருக்குப் போன் போட்டோம். தனக்குப் பாதிக்கு மேல வந்துச்சு, மாமா போனதுல இருந்து வர்றதில்லைன்னு சொன்னான். நெட்டு ஏதோ தகராறுன்னு நெனைச்சுட்டு இருந்தானாம். அந்தத் துண்டு பைலை எங்க கடை மெயிலுக்கு அனுப்பி விட்டான். முகிலன் மூணாம் நம்பர் மெஷின்ல அந்தச் சாப்ட்வேரைப் போட்டு, பைலை உள்ள உட்டான். ஒண்ணும் வருல. சைபர்ல நிக்குது. கீழ செவப்பா ஒரு பொட்டு.

"யக்கா, இது போர்ட்டு பிரச்சினைக்கா"ன்னான் முகிலன். "நம்பரை மாத்துனா வேகமா வரும். நான் பாக்கேன்."

"போர்ட்டுன்னா என்ன கருமம்டா அது?"

"சொல்லுதேன். கம்பெனிக்கு மெயின் கேட்டு, சைடு கேட்டு, பின்னால லோடு எறக்குத கேட்டுன்னு இருக்குல்ல? அதே மாதிரி மெஷினுக்கும் ஆயிரக்கணக்குல வாசல் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். இந்தச் சாப்ட்வேரு எல்லாருக்கும் ஒரே நம்பரை வச்சுத்தான் வரும், ஆறாயிரத்தி எண்ணூத்தி எம்பத்தி ஒண்ணுன்னு. அது ஊருக்கே தெரியும். சில எடத்துல லைன் குடுக்கவனே அந்த வாசலை அடைச்சிருவான். யாருக்கும் தெரியாத வாசலாப் பாத்து மாத்திட்டா சரக்கு ஜம்முன்னு உள்ள வந்துரும்."

"அப்பறம் என்ன, மாத்தித் தொலையேன்"னேன்.

மாத்துனான். வருல. எனக்குக் கோவமான கோவம். கடையில காத்துக்கிட்டு இருந்தவங்களை எல்லாம் வெரட்டிப்போட்டேன். முகிலன் யார் யாருக்கோ போன் போட்டான். சாப்ட்வேர்ல மட்டும் நம்பரை மாத்துனாப் பத்தாதாம். சொவத்துல லைட்டு மின்னிக்கிட்டு இருக்குதே மோடம், அதுக்கும் இன்ன வாசலைத் தொறந்து வையின்னு சொல்லோணுமாம். உள்ள இருக்கற கதவைத் தொறந்து போட்டுட்டு, கேட்டுல நிக்கற வாட்ச்மேனுக்குச் சொல்லாம உட்டா எப்படி? அதையும் பண்ணுனான்.

செவப்புப் பொட்டு பச்சையாச்சுங்க! வந்துச்சு பாருங்க, நம்பரு ஏறுது, ஏறுது, எங்க கடையில அந்த வேகத்தை நான் கண்டதே இல்லை. "அடி சக்கை!"ன்னு நானே கத்திப்போட்டேன். சித்ரகலா சிரிச்சா. கிட்டுசாமி போனதுக்கு அப்பறம் அவ பல்லை அன்னிக்குத்தான் பாத்தேன். எந்திரிச்சு ஓடிப்போய் மாமியாரையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்துட்டா. பொன்னாத்தாள் மெஷின் முன்னால நின்னு கையெடுத்துக் கும்புட்டாங்க. நான் பேக்கரியில இருந்து தேங்காபன்னு வாங்கியாரச் சொல்லி எல்லாருக்கும் குடுத்தேன். முகிலனுக்கு ரெண்டு.

நூத்துக்கு அறுவத்தி ஒண்ணு வரைக்கும் வந்துச்சு. நின்னுபோச்சு.

"சித்த நேரத்துல வந்துரும்"னான் முகிலன். வருல. பன்னு தின்னு முடிச்சோம், டீ குடிச்சோம். பொழுது எறங்கிப்போச்சு, கடையைச் சாத்தற நேரம் ஆச்சு. மெஷினை மட்டும் ஓட உட்டுப்போட்டு ஊட்டுக்குப் போனோம். காலையில வந்து பாத்தாலும் அறுவத்தி ஒண்ணுதான்.

"வேற வாசல் வச்சுப் பாப்போம்"னான். மாத்துனான். அறுவத்தி ஒண்ணு. மறுக்கா மாத்துனான். சித்ரகலா கம்பெனி விட்டு வர்றப்பல்லாம் நேரா இங்கதான் வருவா. மேலெல்லாம் நூல் பிசிறு ஒட்டிக்கிட்டு இருக்கும். வந்து அவன் பக்கத்துல நின்னுக்குவா. அவன் ஒரு நம்பரைப் போடுவான். போட்டதும் ஒரு நிமிசம் எல்லாம் அறுந்து, மறுபடி சேந்து, பச்சை வரும். இவ மூஞ்சி பளிச்சுங்கும். அப்பறம் மெதுவா வாடிப்போவும்.

பொன்னாத்தாளுக்கு விசயம் தெரிஞ்சதும், "கண்ட நம்பரைப் போட்டா எப்படி கண்ணு வரும்? கேட்டுப் போடோணும்"னு கோயிலுக்குப் போய்ப் பூக்கேட்டாங்க. வெள்ளைப் பூவு, செவப்புப் பூவு ரெண்டையும் தனித்தனியா எலையில மடிச்சு சாமி முன்னால போட்டு, மனசுல ஒண்ணை நெனைச்சு எடுத்துப் பாக்கறது. வெள்ளை வந்தா உத்தரவு. பேத்தி பொறந்த தேதியை நம்பராப் போடலாமான்னு கேட்டிருக்கறாங்க. வெள்ளை வந்துச்சாமா. மூச்சு வாங்க ஓடிவந்து எலைப் பொட்டணத்தை எங்கிட்டக் காட்டறாங்க. முகிலன் என்னையப் பாத்தான். "போடுறா"ன்னேன். தரணி பொறந்த தேதி, மாசம், வருசத்தைச் சேத்து வாசல் நம்பராப் போட்டான். மோடத்துலயும் போட்டான். பச்சை வந்துச்சு.

அறுவத்தி ஒண்ணு.

நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தனுங்க. ஒரு நாளு மத்தியானம் கடையில ஆளு இல்லாத நேரமாப் பாத்து முகிலனை நிறுத்தி வெச்சுக் கேட்டேன். "ஏன்டா, வாசலை மாத்துனா வேகமா வரும்னு சொன்னியே, வந்துச்சு. அப்பறம் ஏன்டா நின்னுச்சு? நெசத்தைச் சொல்லு. இல்லீன்னா இந்த மெஷினை எடுத்து உம்மண்டையிலயே போட்டுருவேன்."

அவன் கீழ குனிஞ்சுக்கிட்டே சொன்னான். "வாசல்ல ஒரு தப்பும் இல்லக்கா. வாசலைத் தொறந்ததும் செல்வக்குமார் மெஷின்ல இருந்து வேகமா வந்துச்சு. அவருகிட்ட இருந்ததே அவ்வளவுதான். இருக்கது பூரா வந்துட்டு. அவருக்கு எது இல்லையோ அது நமக்கும் இல்ல."

"மிச்சம் நெட்டுல இருக்குதே, அங்கிருந்து எடு!"

"நெட்டுல எதுவுமே இல்லக்கா. இந்தச் சாப்ட்வேர்ல நெட்டுன்னு தனியா ஒரு குடோன் கெடையாது. வச்சிருக்கவன் மெஷின்ல இருந்துதான் கேக்கவனுக்குப் போவும். கிட்டண்ணே அதை எங்கயும் ஏத்தல. அவரு மெஷின்ல இருந்துதான் போய்க்கிட்டு இருந்துச்சு. அந்த மெஷினை ஆன் பண்ணுனாத்தான் வரும், அதத்தான் கருமாதி அன்னிக்கே குடுத்தாச்சே."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"நின்ன மறுநாளே தெரியும்."

"அடப் பாவிப்பயலே! அப்பறம் எதுக்குடா தெனம் தெனம் நம்பரை மாத்திக்கிட்டு இருக்கறே?"

"வேற என்னக்கா செய்ய? மாத்துதப்ப ஒரு நிமிசம் அவங்க மொகம் நல்லா இருக்கு"ன்னான்.

அவனை அடிக்க ஓங்குன கையை அப்படியே எறக்கிட்டேன்.

சித்ரகலாகிட்ட நான்தான் சொன்னேன். வேற யாரு சொல்றது? "நெட்டுல போட்டாச்சுன்னாருங்களேக்கா"ன்னா. அதையே மறுபடியும் சொன்னா. அப்பறம், "நான்தானுங்களே தலையை ஆட்டுனேன்"னா. அவ அழுவறது வெளிய தெரியாது. கை மட்டும் பனியன்ல பிசிறு எடுக்கறாப்பல முந்தானையில எதையோ எடுத்துக்கிட்டே இருந்துச்சு.

மறுநாளு ரெண்டு பேரும் பஸ்ஸேறி அந்த ஹாஸ்டலுக்குப் போனோம். பஸ்ல போறப்ப எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லீங்க. செத்தவங்களை வையக் கூடாதும்பாங்க. நான் வைஞ்சேன். வாய் கிழியப் பேசுனியேடா கிட்டு, ஒரு சீடியில போட்டு வெக்கறதுக்கு உனக்கு என்ன கேடு? நெட்டுல போட்டேன், உலகம் அழிஞ்சாத்தான் அழியும்னு பொண்டாட்டிகிட்டப் பெருமை அடிச்சயே, இப்பப் பாருன்னு மனசுக்குள்ள கிழிகிழின்னு கிழிச்சேன். பக்கத்துல அவ ஜன்னல் வழியா அவங்கப்பனோட காஞ்ச காட்டைப் பாத்துக்கிட்டே வந்தா.

ஹாஸ்டல் சிஸ்டர் தங்கமான மனுசி. எங்களை ஒக்கார வெச்சு டீ குடுத்தாங்க. கம்ப்யூட்டர் ஒரு ரூமுல இருந்துச்சு. அதேதானுங்க, மானிட்டர் ஓரத்துல கிட்டுசாமி ஒட்டுன முருகர் ஸ்டிக்கர் கூட அப்படியே இருந்துச்சு. ஒரு சின்னப்புள்ளை மவுசைப் புடிச்சு இழுத்து இழுத்து ஊடு வரைஞ்சுக்கிட்டு இருந்தா. சித்ரகலா சிஸ்டரைப் பாத்து, "இதுல பழசெல்லாம் இருக்குதுங்களா?"ன்னு கேட்டா.

"இல்லம்மா. வந்த அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சுட்டு, பிள்ளைங்களுக்குன்னு புதுசாப் போட்டுக் கொடுத்தாங்க. ஏம்மா, ஏதாவது வேணுமா?"

"இல்லீங்க சிஸ்டர். சும்மா கேட்டனுங்க."

நான் வாயைத் தொறக்கப் போனேன். எங்கையை அழுத்திப் புடிச்சா. வரைஞ்சுக்கிட்டு இருந்த புள்ளை திரும்பிப் பாத்து, "அக்கா, இது உங்களுதுங்களா?"ன்னு கேட்டுச்சு. "இல்ல கண்ணு, உம்பட்டது. நல்லா வரை"ன்னு சொல்லிப்போட்டு அந்தப் புள்ளை தலையைத் தடவி உட்டா. முகிலன் அப்பறம் ரிப்பேர்காரர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாத்தான். அழிச்சது மேலயே எத்தனையோ எழுதியாச்சு, இனி முடியாதுன்னு அவரும் கையை விரிச்சுட்டாரு.

மிச்சம் இருந்தது அந்த அறுவத்தி ஒண்ணுதான். அரைகுறையா வந்த படம் சாதாரணமா ஓடாதாம். முகிலன் எங்கிருந்தோ ஒரு பிளேயரைப் புடிச்சுப் போட்டு ஓட்டுனான். படமெல்லாம் கட்டம் கட்டமா ஒடைஞ்சு, பூசாரி பாதி, மோளக்காரன் பாதி. ஓடும், நிக்கும், எங்கயோ தாவும். கேமராவைத் தம்மூஞ்சிக்குத் திருப்பி அவன் பேசுனானே, அந்த எடம் அடியோட இல்லை. கொரலும் பிச்சுப் பிச்சுத்தான் வந்துச்சு. அவன் சிரிக்கறது ஒரு எடத்துல. "ரங்காத்தக்கா, சித்த"ங்கறது ஒரு எடத்துல. அப்பறம் தரணி காதுல ஊசி குத்தறாங்க, புள்ளை வீல்னு கத்துது, அவன் சொல்றான்: "அழுவாத சாமி, அழுவாத, இங்க பாரு, தரணிக் கண்ணு, இங்க பாரு, அப்"

அதோட கீச்சுன்னு ஒரு சத்தம். பூராவும் பச்சைக் கட்டமாப் போயிருச்சு.

நல்லா வார்த்தையா வந்த எடம் அது ஒண்ணுதான். சித்ரகலா அதைத் திரும்பப் போடச் சொன்னா. மறுபடியும் போடச் சொன்னா. அன்னிலிருந்து கம்பெனி விட்டு வர்றப்பல்லாம் தரணியைத் தூக்கிக்கிட்டு வந்து, மடியில வெச்சு அதைக் கேக்க வெப்பா. அந்தச் சாப்ட்வேரையும் மூடவே விடுல. தரணி பொறந்த தேதி நம்பர் வாசல் அப்படியே தொறந்துதான் கெடக்குது. "இனிமே எங்கிருந்தும் வராதுக்கா"ன்னு முகிலன் தெளிவாச் சொல்லிட்டான். "தெரியுமுங்க. இருந்துட்டுப் போவட்டும்"னா. டாக்காவுல தம்பி ரூம் மாத்தறேன், மெஷினைக் கழட்டோணும்னு சொன்னப்ப, வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்தவ போன்ல கத்துனா பாருங்க, "அணைச்சுப்போடாதடா!"ன்னு. தெருவுல போறவங்க நின்னு பாத்தாங்க. அதை அணைச்சா என்ன, அணைக்காட்டி என்ன, ரெண்டும் ஒண்ணுதான்னு அவளுக்குத் தெரியாதா? தெரியும். நானும் அந்த மூணாம் நம்பரை அணைக்கலாம்னு சுச்சுல கையை வெச்சுப் பாத்தனுங்க. முடியிலீங்க.

போன வாரம் பொன்னாத்தாளும் சித்ரகலாவும் புள்ளையோட வந்திருந்தாங்க. தரணிக்கு இப்பப் பேச்சு வருது. அம்மாங்குது, என்னையக் காட்டி அக்காங்குது. முகிலன் அந்த எடத்தைப் போட்டான். "தரணிக் கண்ணு, இங்க பாரு, அப்"னு வந்து நின்னுச்சு. புள்ளை மெஷினைக் கையைக் காட்டி, "அப்"ன்னா.

பொன்னாத்தாளுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "அப்பான்னு சொல்லு சாமி. அப்பா."

"அப்."

"ஊட்டுல போட்டோவைக் காட்டுனாலும் இப்படியேதான் சொல்லுது அம்மணி. எத்தனை சொல்லிக் குடுத்தாலும் பாதியிலயே நின்னுக்குது. அப்பான்னு முழுசாச் சொல்லு சாமி, அப்பா"ன்னு மறுக்காவும் சொல்லிக் குடுத்தாங்க.

"அப்"னு சொல்லிப்போட்டு, மிச்சம் அதுல இருந்து வரும்ங்கற மாதிரி புள்ளை மெஷினையே பாத்துக்கிட்டு நின்னா.

சித்ரகலா புள்ளையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா. "உடுங்கத்தை"ன்னா. "அவளுக்கு வந்தது அவ்வளவுதான்."